நோட்டைத் திறக்க மறுக்கும் பிள்ளை: மூளைக்குள் நடக்கும் கணக்கு

"எல்லாத்தையும் வாயால சொல்லுறான் சார், நோட்ட எடுடான்னா மட்டும் வயித்த வலிக்குதுங்கிறான்." கடலூரிலோ புதுச்சேரியிலோ பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளில் வகுப்பறை வாசலில் நின்றால் இது காதில் விழும். கூடவே 'சோம்பேறி' என்ற தீர்ப்பும் வந்துவிடும், அத்தோடு விசாரணை முடிந்தது. தேவனாம்பட்டினம் மீன் ஏலத்தில் நாலு கூடை விலையை மனதிலேயே கூட்டிச் சொல்கிற பையன், அதே கூட்டலைத் தாளில் பார்த்ததும் ஏன் உறைந்துபோகிறான் என்பதற்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

பதில் தேடினால் ஒரு பழைய சோதனையில் தொடங்க வேண்டியிருக்கிறது. 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியைச் சில நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற நிலையிலும் அவற்றில் பல எழுந்திருக்கவே இல்லை. 'எதுவும் பலிக்காது என்று கற்றுக்கொண்டன' என்பது அன்றைய விளக்கம். 2016இல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். துன்பம் நீளும்போது முடங்கிக் கிடப்பதுதான் நரம்பு மண்டலத்தின் இயல்பான நிலை. 'நான் செய்தால் மாறும்' என்பதைத்தான் மூளை கற்க வேண்டியிருக்கிறது. அதைக் கற்றபின் மூளையின் முன்பகுதி, முடக்கத்தைத் தூண்டும் மூளைத்தண்டுச் செல்களை அடக்கிவைக்கிறது.

நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இதோடு சேர்கிறது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் துடிக்கின்றன. எதிர்பார்த்த நேரத்தில் கிடைக்காவிட்டால் வழக்கமான துடிப்பும் குறைகிறது. அடுத்த முறை எவ்வளவு உழைக்கலாம் என்று மூளை மதிப்பிட இந்த ஏற்ற இறக்கம் உதவுகிறது.

மூன்று வருடமாக வாசிக்க முயன்று தோற்ற பிள்ளை நோட்டைத் தள்ளிவைக்கிறது என்றால், அதன் மதிப்பீட்டில் பிழையே இல்லை. இதுவரை கிடைத்த பலன் பூஜ்யம். "முயற்சி பண்ணு கண்ணு" என்று சொல்வதால் அந்த மதிப்பு மாறாது. செய்து, பலன் கண்டால் மட்டுமே மாறும். எனவே உழைப்பு எந்த இடத்தில் வீணாகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கண், காது பரிசோதனை, தூக்கம், காலைச் சாப்பாடு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஒரு மாலையில் இதைச் செய்யலாம். பாடநூலில் ஒரு கேள்வியை நீங்களே வாசித்து, வாயால் பதில் கேளுங்கள். அதே அளவு கடினமான இன்னொன்றை அவனே வாசித்து வாயால் சொல்லட்டும். மூன்றாவதை வாசித்து எழுதட்டும். முதலாவது சரி, இரண்டாவது தடுமாற்றம் என்றால் சிக்கல் வாசிப்பில். மூன்றாவது மட்டும் சரிந்தால் எழுத்தில். முதலாவதே வரவில்லையா, பாடம் புரியவில்லை. மூன்றும் வருகிறது, ஆனால் தொடங்க அரைமணி நேரம் ஆகிறது என்றால் கவனக்குறைபாட்டை யோசிக்க வேண்டும்.

வாசிப்புக்கு இன்னொரு அளவு உண்டு. ஒரு பத்தியில் 100 சொற்களை எண்ணி உரக்க வாசிக்கவிடுங்கள். 5 பிழை வரை என்றால் தனியாக வாசிக்கலாம். 6 முதல் 10 என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும். 10க்கு மேல் போனால் அந்தப் புத்தகம் இப்போது அவனுக்கு உரியதல்ல, இரண்டு வகுப்பு கீழே இறங்கினாலும் பரவாயில்லை. இது ஆங்கிலத்துக்கு வகுத்த அளவு. 'படித்துக்கொண்டிருந்தார்கள்' தமிழில் ஒரே சொல் என்பதால் இங்கே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபின் ஒரு குழப்பம் கூடியிருக்கிறது. வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் திணறுவது கற்றல் குறைபாடு ஆகாது. தமிழிலும் சோதியுங்கள். இரண்டிலும் திணறினால்தான் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். தமிழில் அது வேறு முகத்தோடு வரும்: எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது என்பதால் தப்பாக வாசிப்பதைவிட மிக மெதுவாக, எழுத்தெழுத்தாக வாசிப்பதே அடையாளம். ஆசிரியர்கள் தப்பைக் குறித்துவைப்பார்கள், மெதுவை 'விளையாட்டுப் புத்தி' என்பார்கள்.

தமிழ் எழுத்து தரும் தொல்லைகளும் உண்டு. 'கொ'வில் கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் ஒலிப்பதோ ககரம் முதலில். கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் மோதுகின்றன. 'கௌ'வின் பின்பாதி அச்சு அசல் 'ள'. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்கவைத்தால் பிள்ளை அட்டவணையைக் கற்கும், வாசிப்பைக் கற்காது. முதலில் காதுக்கு வேலை கொடுங்கள்: 'மரம்' என்பதில் 'ம'வை எடுத்தால் என்ன மிஞ்சும்? பிறகு வாரத்துக்கு நான்கைந்து எழுத்து, தவிட்டிலோ மணலிலோ விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். ல, ள, ழ மூன்றையும் ஒரே வாரத்தில் தொடவே கூடாது. ஒன்று உறுதியானபின் அடுத்தது. நாளுக்கு 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது.

வேகம் கூட, ஒரே சின்னப் பத்தியை மூன்று நான்கு முறை வாசிக்கவைத்து ஒவ்வொரு முறையும் ஆன விநாடிகளைச் சுவரில் குறியுங்கள். 95, 80, 66 என்று இறங்குவதை அவனே பார்க்கிறான். நான் செய்தேன், மாறியது என்பதற்கு இதைவிடக் கையில் பிடிக்கக்கூடிய சான்று கிடையாது.

எழுத்தில் சிக்கல் என்றால் பதிலைப் போனில் பேசிப் பதிவுசெய்யட்டும், அதைக் கேட்டு இரண்டு வரி மட்டும் எழுதட்டும். பலகையைப் பார்த்து நகலெடுக்கும் வேலையைப் பாதியாக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்கலாம். கணக்கில் சிக்கல் என்றால் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகச் சின்னப் பைகளில் கட்டி, ஒரு பத்தைப் பிரித்து ஒற்றைக் கொட்டைகளாக்கிக் கழிக்கப் பழக்குங்கள். (பண்ருட்டிப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறதே என்று உடைக்காத முந்திரிக்கொட்டையைக் கொடுத்துவிட வேண்டாம், தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளிக்கும்.)

கவனக்குறைபாடுள்ள பிள்ளைக்குத் தொலைவில் இருக்கும் பலன் எடுபடாது. 'முழுப்பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள்' என்பது அதற்கு ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாததற்குச் சமம். 10 நிமிட வேலை, 3 நிமிட ஓய்வு, கண்ணெதிரே ஓடும் கடிகாரம், ஒரு நேரத்தில் மேசையில் ஒரே தாள். முதல் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பாதி போட்டுக் கொடுக்கலாம். பெரும்பாலும் தொடக்கம்தான் மலை. மருத்துவர் உறுதிசெய்தபின் மருந்தும் பலன் தரும், அந்த முடிவு மருத்துவருடையது.

பரிசு கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1973இல் மார்க் லெப்பர் குழுவினர், ஏற்கெனவே ஆசையாக வரைந்த மழலைகளிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. ஆகவே பிடித்த வேலைக்குப் பரிசு வேண்டாம். வெறுக்கிற வேலைக்கு உடனடியான சின்னப் பரிசு தொடக்கத்துக்கு உதவும். மார்க்குக்கு அல்லாமல் செய்த வேலைக்குக் கொடுங்கள், ஓரிரு மாதத்தில் இடைவெளி விட்டுவிட்டுக் குறையுங்கள். பாராட்டிலும் இதே கவனம் வேண்டும். "நீ புத்திசாலி" என்பது அடுத்த தோல்வியில் திருப்பியடிக்கும். "'வாழைப்பழத்த' இன்னைக்கு நீயே பிரிச்சுப் பிரிச்சு வாசிச்ச" என்பது எந்தச் செயல் பலித்தது என்று காட்டுகிறது.

ஆறு மாதம் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால் மதிப்பீடு தேவை. எட்டு வயதுக்கு முன் கற்றல் குறைபாடு என்று உறுதியாகச் சொல்வது கடினம், ஆனால் உதவி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்தில் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் அரசு மருத்துவமனையோடு இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தையும், புதுச்சேரியில் ஜிப்மர் மனநலப் பிரிவையும் அணுகலாம். டிஸ்லெக்சியா போன்றவை அடங்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்க முடியும். பத்தாம் வகுப்பு பாதியில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். மதிப்பீட்டுக்கு ஒரே தடவை போனால் போதாது. போகும்போது கண், காது பரிசோதனைச் சீட்டு, இரண்டு வருட விடைத்தாள்கள், திருத்தாத ஒரு வகுப்பு நோட்டு, வீட்டுச் சுவரில் குறித்த விநாடிக் கணக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.