நோன்மதியைப் பௌர்ணமி ஆக்காதீர்கள்

ஜூன் பிறந்தால் போதும், இலங்கைப் பௌத்தர்களின் போசன் போயா நாளுக்கான வாழ்த்துப் படங்கள் கைபேசியில் வந்து குவியத் தொடங்கிவிடும். இந்த முறை வந்த ஒன்றில் "போசன் பௌர்ணமியைக் கவனிக்க மிகிந்தலையில் மக்கள் திரள்வர்" என்று இருந்தது. கவனிக்கவா? நிலாவைக் கவனிக்கவா இவ்வளவு சனம் மிகிந்தலை மலையில் 1840 படி ஏறுகிறது? ஆங்கில observe என்பதற்கு யாரோ அகராதியைத் திறந்து கண்ணில் பட்ட முதல் பொருளை எழுதிவிட்டார். அனுட்டித்தல் என்று நல்ல சொல் ஒன்று புழக்கத்தில் கிடக்கிறது. சரி, அதை விடுவோம். எனக்கு எரிச்சல், போயா என்ற சொல்லுக்குப் பதிலாகப் போடுகிற அந்தப் 'பௌர்ணமி' மேல்தான்.

போயா என்ற சொல்லின் கதை சின்னது. வடமொழியில் உபவசத, பாளியில் உபோசத, சிங்களத்தில் தேய்ந்து போய, நம் வாயில் போயா. உபவாசத்துக்குச் சொந்தக்காரச் சொல். உள்ளே இருப்பது விரதம். நிலா, விரதம் என்றைக்கு என்று காட்டுகிற நாட்காட்டி, அவ்வளவுதான். இலங்கையில் அரச அறிவித்தல்களிலும் கலண்டர்களிலும் வருகிற 'நோன்மதி' என்ற சொல் நோன்பையும் மதியையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. யார் உருவாக்கினாரோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் நம் ஆட்களுக்கு அது பிடிப்பதில்லை. "நோன்மதி யாருக்கு விளங்கும், பௌர்ணமி என்றாலே போதுமே" என்கிறார்கள். எப்படிப் போதும்? போயா முழுநிலாவுக்கு மட்டும் உரியதில்லை. சிங்களத்தில் அமாவாசைக்கும் போயா உண்டு, இரண்டு அட்டமிக்கும் உண்டு. 1966இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டுப் போயாவைத்தான் வாராந்த விடுமுறையாக வைத்திருந்தார்கள், மாதத்துக்கு நான்கு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள், எந்தக் கிழமை பள்ளிக்கூடம் என்று குழம்பிய கதையெல்லாம் சொல்வார்கள். போயா என்றால் பௌர்ணமி என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளர் அந்தக் காலத்தில் வேலைக்கு இருந்திருந்தால் மாதம் ஒருமுறை "அமாவாசைப் பௌர்ணமி விடுமுறை" என்று அறிவித்தல் ஒட்டியிருப்பார்.

இன்னொரு கட்சி இருக்கிறது. "நோன்பு என்றால் பட்டினி, போசனுக்கு வழியெல்லாம் சாப்பாடல்லவா கொடுக்கிறார்கள்" என்று மடக்குவார்கள். முதலில், விகாரையில் வெள்ளை உடுத்துச் சில் என்கிற விரத உறுதி எடுத்து இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். எட்டுச் சீலத்தில் ஒன்று நடுப்பகலுக்குப் பிறகு உண்ணாமை. அரசமரத்தடியில் பாய் விரித்து, பின்னேரம் வரை பண என்கிற தர்ம உரையும் பாவனை என்கிற தியானமுமாக இருக்கிற ஆச்சிக்கு இடையில் ஒரு கோப்பை வெறும் தேநீர் கிடைத்தால் உண்டு. அப்புறம், நோன்பு என்ற சொல்லைப் பட்டினிக்குள் அடைத்தது யார்? "உற்றநோய் நோன்றல்" என்று குறள் தவத்துக்கு இலக்கணம் சொல்கிறபோது நோன்றல் என்பது பொறுத்தல். ஆண்டாளின் பாவை நோன்பு நெய்யுண்ணோம் பாலுண்ணோம் என்று தொடங்கி, முழங்கை வழிய நெய்ச்சோறு உண்டு கூடியிருந்து குளிர்வதில் வந்து நிற்கிறது. தன்னை அடக்கி இருப்பதும் நாலுபேரோடு சேர்ந்து இருப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த மகிந்த தேரர் அரசன் தேவநம்பிய தீசனைச் சந்தித்த நாள்தான் போசன்; அதை மிகிந்தலையில் அனுட்டிக்கிற முறையும் இதேதான்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'உவா' என்று எழுதச் சொல்கிறார். பழைய சொல், அழகான சொல். புறநானூற்றில் "உவவுத் தலைவந்த பெருநாள்" வருகிறது. வெள்ளுவா பௌர்ணமி, காருவா அமாவாசை என்பதால் நான் மேலே சொன்ன சிக்கலும் தீர்ந்துவிடும். எனக்கும் ஆசைதான். ஆனால் உவாவுக்கு யானை என்றும் ஒரு பொருள் உண்டு, "உவா விடுமுறை" என்று போட்டால் மிருகக்காட்சிசாலைக்கா என்று கேட்பார்கள். நோன்மதி பாதி விளங்கும், மீதியை ஊகிக்கலாம். அது போதும் எனக்கு.

எல்லாவற்றையும் தமிழாக்கவும் வேண்டாம். போசனுக்கு வழியில் சாப்பாடு கொடுக்கிற இடத்துக்குச் சிங்களத்தில் தன்சல் என்று பெயர்; அது தானசாலையிலிருந்து வந்தது, தமிழ்க் காதுக்குப் பக்கத்துவீட்டுச் சொல். கோயில் திருவிழாவில் நாம் தாகசாந்தி என்று வைக்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. அதைப் போய் "இலவச உணவு விநியோக நிகழ்வு" என்று எழுதுகிறார்கள். வவுனியா பஸ்ஸை மிகிந்தலைக்குக் கிட்ட நடுறோட்டில் மறித்து, ஜன்னலால் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் நீட்டுகிற பொடியனிடம், இது இலவச உணவு விநியோக நிகழ்வா தம்பி என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.