பூட்டு எப்படித் திறக்கிறது? எழுதிப் பாருங்கள்

கதவில் பதித்திருக்கும் சாதாரண உருளைப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும்? 1 முதல் 7 வரை ஒரு மதிப்பெண்ணை முதலில் குறித்துவையுங்கள். பிறகு வெற்றுத்தாள் ஒன்றில், எதையும் பார்க்காமல், சாவி நுழைவதிலிருந்து பூட்டு திறப்பது வரை ஒவ்வொரு படியாக எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். முடித்ததும் மறுபடி மதிப்பெண் போடுங்கள். பெரும்பாலும் முதலில் போட்டதைவிடக் குறைந்திருக்கும்.

யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வகைச் சோதனைதான். ஜிப், தையல் இயந்திரம், உருளைப் பூட்டு, ஹெலிகாப்டர் போன்றவை எப்படி இயங்குகின்றன என்று எழுதச் சொன்னதும், பங்கேற்றவர்கள் தங்களுக்கே போட்டிருந்த மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். நாடுகளின் தலைநகரம் போன்ற தகவல்களில் சரிவு அந்த அளவுக்கு இல்லை. காரணம் எளிது. ஒரு பெயர் நினைவுக்கு வரும், அல்லது வராது. வராதது உடனே உறுத்தும். பொருட்கள் விஷயம் வேறு. கண்ணெதிரே இருக்கிறது, கை பழகியிருக்கிறது, உள்பாகங்களின் பெயர்கூட ஒன்றிரண்டு தெரியும். அந்தப் பழக்கத்தையே புரிதல் என்று எடுத்துக்கொள்கிறோம்.

பூட்டுக்கே வருவோம். “சரியான சாவி போட்டால் திறக்கும்” என்பது விளக்கமே அல்ல. அடுத்த நிலை: அசையாத கூட்டுக்குள் சுழலக்கூடிய ஓர் உருளை; இரண்டையும் ஊடுருவி வரிசையாகத் துளைகள், பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. ஒவ்வொரு துளையிலும் கீழே ‘பின்’ எனப்படும் சிறு உலோகக் குச்சி ஒன்று, அதன்மேல் இன்னொரு பின், அதற்கும் மேலே ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல்பின் பாதி உருளைக்குள்ளும் பாதி கூட்டுக்குள்ளும் நிற்பதால் உருளை சுழலாது. கீழ்பின்கள் ஒவ்வொன்றும் வேறு நீளம். சாவியின் மேடுபள்ளங்கள் அவற்றை வேண்டிய அளவுக்குத் தூக்கும்போது, எல்லா ஜோடிகளின் இணைப்புகளும் உருளைக்கும் கூட்டுக்கும் இடையிலான எல்லையில் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அப்போது உருளை சுழலும்.

இங்கே நின்றால் “தெரிந்துவிட்டது” என்று இருக்கும். ஆனால் இவ்வளவு தெரிந்தவருக்குத்தான் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் மாஸ்டர் சாவி ஒரே கட்டடத்தின் பல பூட்டுகளை எப்படித் திறக்கிறது? பின்களுக்கு நடுவே இன்னொரு சிறு துண்டு வைப்பார்கள். ஒரு துளையில் ஒரு இணைப்புக்குப் பதில் இரண்டு. இது தெரிந்ததும் இன்னொன்று முளைக்கும். ஐந்து துளைகளிலும் இரண்டிரண்டு இணைப்புகள் என்றால் அந்தப் பூட்டைத் திறக்கக்கூடிய சாவி வெட்டுகள் 32. கதவுக்காரரின் சாவியும் மாஸ்டர் சாவியும் போக மீதி 30 வெட்டுகளை யாரும் கேட்கவில்லை. வசதிக்காகப் பாதுகாப்பில் எவ்வளவு இழக்கிறோம்? இந்தக் கேள்வி முதல் நாள் யாருக்கும் தோன்றாது.

“அறிதோறு அறியாமை கண்டற்றால்” என்கிறது குறள் 1110. கல்வி பற்றிய குறள் என்று நினைத்துப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள்; அது காமத்துப்பாலில், புணர்ச்சி மகிழ்தல் அதிகாரத்தில், உவமையாக வருவது. அறிய அறியத் தன் அறியாமை தெரிவது என்பது, வேறொன்றை விளக்கக் கையாளும் அளவுக்கு வள்ளுவருக்கு ஊரறிந்த செய்தி.

திறன் குறைந்தவர்கள் தங்களை மிகையாக மதிப்பிடுவது பற்றி உளவியலாளர்கள் ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் 1999-ல் வெளியிட்ட கட்டுரையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. தன்னம்பிக்கை முதலில் மலையாக ஏறிப் பிறகு பள்ளத்தில் விழுவதாகக் காட்டி இணையத்தில் சுற்றும் வரைபடம் அந்தக் கட்டுரையில் இல்லை. தேர்வில் கடைசியாக வந்த கால்பகுதியினர் தங்களை மிகையாக மதிப்பிட்டது பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதில் ஒரு பங்கு வெறும் புள்ளியியல் விளைவு என்ற விமர்சனமும் உண்டு. பயனுள்ள பகுதி நான்காவது சோதனை. தர்க்கக் கணக்குகளில் சிறு பயிற்சி கொடுத்ததும், கடைநிலையில் இருந்தவர்கள் தங்களைப் பற்றிய மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள். திறன் ஏறியது, தன்மதிப்பீடு இறங்கியது. புதிதாக ஒன்றைக் கற்பவர் சில வாரங்களில் “முன்பு தெரிந்ததுகூட இப்போது தெரியவில்லை” என்று சோர்ந்து விட்டுவிடும் இடம் இதுதான். உண்மையில் கற்றல் அங்கே நின்றுபோகவில்லை. தவறைக் கண்டுபிடிக்கும் கண் அப்போதுதான் திறந்திருக்கிறது.

தாளில் எழுதியதை என்ன செய்வது? தெரியாததை மூடி மறைக்கும் சொற்களை, அதாவது மூடுசொற்களை, சிவப்புப் பேனாவால் சுழியுங்கள். “தானாகவே”, “ஏதோ ஒரு விசையால்”, “சிக்னல் போய்”, “உடம்பு ஏற்றுக்கொள்ளாமல்” போன்றவை. கலைச்சொற்களும் இதில் சேர்த்திதான். துறைக்குள் இருப்பவர்களின் மூடுசொற்கள் பெரும்பாலும் கலைச்சொற்களே. ஒவ்வொரு சுழிக்கும் ஒரு கேள்வி எழுதி, மூன்றை மட்டும் தேர்ந்து தேடிப் படியுங்கள். மறுநாள் வேறு தாளில் பார்க்காமல் எழுதுங்கள். இது கெடும் வழிகள் இரண்டு. நடுவில் புத்தகத்தைத் திறப்பது ஒன்று: திறந்த நொடியில் “இதுதானே நினைத்தேன்” என்று மனம் சொல்லிவிடும். தலைப்பைப் பெரிதாக எடுப்பது மற்றொன்று. “பொருளாதாரம்” என்று எழுத உட்கார்ந்தால் எந்த ஓட்டையும் தெரியாது. “வட்டி உயர்ந்தால் விலைவாசி ஏன் இறங்குகிறது” என்றால் மூன்றாவது வரியிலேயே தெரியும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதை நம்பாதீர்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுவாசிப்பு செய்தவர்கள் 81 சதவீதமும், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து அது 42, 56 என்று தலைகீழானது. ஆகவே உங்கள் மதிப்பெண்ணை அன்றே போடாமல் ஏழு நாள் கழித்துப் போடுங்கள்.

எண்கள் சார்ந்த வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. எண்ணாக விடை வரும் பத்துக் கேள்விகளுக்கு ஒற்றை விடை சொல்லாமல், “90 சதவீதம் உறுதி” என்று தோன்றும் அளவில் கீழெல்லை, மேலெல்லை எழுதுங்கள். கணிப்பு சரியாக இருந்தால் ஒன்பதில் உண்மை விடை உள்ளே விழ வேண்டும். முதல்முறை எழுதுபவர்களுக்குப் பொதுவாக அதைவிட வெகு குறைவாகவே விழும். எல்லையை அபத்தமாக விரித்துப் பத்துக்குப் பத்து எடுப்பதும் தோல்விதான்.

கடைசியாக, சுழித்த ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ஓர் எண் இடுங்கள்: படித்து மறந்தது 1, படிக்கவே இல்லாதது 2, துறையிலேயே இன்னும் விடை இல்லாதது 3. முதலாவதற்கு மறுபடி எழுதிப் பார்த்தால் போதும். இரண்டாவதற்கு நூல் வேண்டும். 3 இடுவதற்கு முன் அந்தத் துறையின் அண்மைக்கால மீளாய்வுக் கட்டுரை (இதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது) ஒன்றையாவது படித்திருக்க வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவர் இடும் 3-களில் பெரும்பாலானவை 2-களே.