நாயின் காதுக்குள் தீபாவளி

பாம்பன் தெற்குவாடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. பெயர் மணி. பகலெல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் படுத்திருக்கும். படகு வரும் நேரம் அதற்குத் தெரியும். சொல்லிவைத்த மாதிரி எழுந்துபோய்த் தண்ணீர் ஓரமாக நிற்கும்.

போன தீபாவளி இரவு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் சரவெடி போய்க்கொண்டிருந்தது. உள்ளே சிமெண்ட் தரையில் ஈரத் திட்டுகள். யாரோ தண்ணீரைச் சிந்திவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு திட்டும் நாலு விரல், நடுவில் ஒரு மெத்தை என்று அச்சு எடுத்த மாதிரி நாயின் கால்தடம். கதவிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பீரோ, பீரோவிலிருந்து மறுபடி கதவு. கடைசித் தடம் கட்டிலுக்கு அடியில் போய் முடிந்தது. அங்கே மணி சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

"வருசா வருசம் இப்படித்தான் தம்பி. போகப் போகப் பழகிரும்" என்றார் அந்த வீட்டு அக்கா. மணிமேல் அவருக்கு உயிர். மணிக்கு வயது ஏழு. ஏழு தீபாவளி பார்த்த நாய் ஏன் இன்னும் பழகவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதற்கான பதில் அந்த ஈரத் தடத்திலேயே இருந்தது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலின் மெத்தைகளில்தான் வியர்வை வரும். வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது உடம்பைக் குளிரவைத்துக்கொள்கிறது. ஆனால் மிரளும்போது அதன் பாதம் நனைந்துவிடும். பரீட்சை எழுதப் போகிற பிள்ளையின் உள்ளங்கை நனைகிற மாதிரிதான் இதுவும். அந்தத் தரையில் நான் பார்த்தது பயத்தின் ஈரம்.

பயம் எங்கிருந்து தொடங்குகிறது? வெடியிலிருந்தே பார்ப்போம். காகிதத்தை இறுகச் சுற்றிய கூட்டுக்குள் அடைத்த மருந்துதான் வெடி. தீ பட்டதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் மருந்து சூடான வாயுவாக மாறி, கூட்டைக் கிழித்துக்கொண்டு சுற்றியுள்ள காற்றை ஒரே தள்ளாகத் தள்ளும். அந்த அழுத்தம் சுவர் மாதிரி நகர்ந்து வந்து காதில் மோதுவதைத்தான் சத்தம் என்கிறோம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலுக்கு மேல் சத்தம் வரும் வெடிகளைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று 1999-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இந்த 125-ஐ வைத்து ஒரு கணக்குப் போடலாம். திறந்த வெளியில் தூரம் பத்து மடங்கானால் சத்தம் 20 டெசிபெல் குறையும். அப்படியானால் 40 மீட்டரில் 105, 400 மீட்டரில் 85. நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60. விதிக்கு உட்பட்ட ஒரு வெடியே அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காதுக்கும் பெரிய சத்தம்தான்.

நம் கரையில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை தட்டை நிலம். சத்தத்தை மறிக்க மலை கிடையாது, உயரமான கட்டடமும் அதிகம் இல்லை. கடல் தண்ணீர் சத்தத்தை உறிஞ்சாமல் அப்படியே திருப்பி அனுப்பும். போதாக்குறைக்கு ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்குகிறது. காற்று தரையை ஒட்டி மெதுவாகவும் உயரே வேகமாகவும் வீசும். அதனால் காற்றோடு சேர்ந்து போகிற ஒலி மேலே கலைந்துபோகாமல் தரையை நோக்கி வளையும். பக்கத்து ஊரான அக்காள்மடத்தில் போட்ட வெடி பாம்பனில் பக்கத்துத் தெருவில் போட்ட மாதிரி கேட்பது இதனால்தான்.

சரி, அந்த ஒலி நாயின் காதுக்குள் போனால் என்ன ஆகிறது? மனிதக் காது நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும். நாயின் காது ஏறத்தாழ 45,000 வரை கேட்கும், பூனையின் காது 85,000 வரை. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 4,000 அதிர்வு வரையிலான பகுதியில், அதாவது மனிதப் பேச்சுக்கு முக்கியமான பகுதியில். நாய்க்கு அந்தக் கூர்மை 8,000 அதிர்வுக்குப் பக்கத்தில். புதருக்குள் எலி கீச்சிடுவதைப் பிடிக்க அமைந்த காது அது. ராக்கெட் சீறிக்கொண்டு மேலே போகிறதே, அந்தச் சீறலில் நமக்குக் கேட்காத மேல் பகுதியும் அதற்குக் கேட்கிறது.

ஆனால் சத்தம் வரும் திசையைத் துல்லியமாகச் சொல்வதில் நாய் நம்மைவிடப் பின்தங்கியது. ஒன்றுக்கொன்று ஓரிரு பாகை மட்டுமே தள்ளியிருக்கும் இரண்டு ஒலிகளை நம்மால் பிரித்தறிய முடியும். நாய்க்கு எட்டுப் பாகை அளவுக்கு இடைவெளி வேண்டும். சுவரிலும் தண்ணீரிலும் பட்டு எதிரொலி வேறு வரும்போது, எங்கிருந்து தப்பி எங்கே ஓடுவது என்றே அதற்குப் புரியாது. மணி கதவுக்கும் அடுப்படிக்கும் மாறி மாறி நடந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

காதுக்கு ஒரு தற்காப்பு இருக்கத்தான் செய்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். பெரிய சத்தம் வந்தால் அங்குள்ள சிறு தசைகள் இறுகி எலும்புகளைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போகும் அதிர்வு குறையும். ஆனால் அந்தத் தசை இறுக நொடியில் நூறில் சில பங்கு நேரமாவது ஆகும். வெடியின் உச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்து போய்விடுகிறது. கதவைச் சாத்துவதற்குள் ஆள் உள்ளே நுழைந்துவிட்ட கதை. பக்கத்திலேயே வெடித்தால் உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சேதமாகும். பறவைகளுக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைக்கும். நமக்கும் நாய்க்கும் பூனைக்கும் போனது போனதுதான்.

காதிலிருந்து செய்தி மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதிக்குப் போகிறது. ஆபத்தா இல்லையா என்று யோசித்துப் பார்க்கும் முன்பே அது சங்கை ஊதிவிடும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். இதயம் படபடக்கும், கண்மணி விரியும், ரத்தம் வயிற்றை விட்டுக் கால் தசைகளுக்குப் போகும். அன்றைக்கு அந்த அக்கா, மணிக்கு மிகப் பிடித்த அவித்த மீன் துண்டை மூக்கருகே நீட்டினார். மணி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அதன் வயிறு வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. உங்கள் நாய் எவ்வளவு பயந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதைவிட எளிய சோதனை இல்லை. பிடித்த தீனியை வாங்கித் தின்றால் சமாளித்துக்கொண்டிருக்கிறது. முகத்தைத் திருப்பினால் அதனால் முடியவில்லை.

இனி அந்தப் பழகும் கதைக்கு வருவோம். விசைப்படகின் எஞ்சின் சத்தம் மணிக்குப் பழகிவிட்டது. அது ஒரே சீராக வரும், படிப்படியாக நெருங்கும், பிடிக்காவிட்டால் எழுந்து விலகிப் போகலாம். இப்படிப்பட்ட சத்தத்தை மூளை கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவிடும். வெடி இதற்கு நேர்மாறு. எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் உச்சத்தில் வரும், தப்பிக்க இடமும் கிடையாது. பயந்த நாய்க்கு இத்தகைய சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் எச்சரிக்கை மணி அடங்குவதற்குப் பதிலாக இன்னும் எளிதில் அடிக்கத் தொடங்கும். கூடவே சுற்றியுள்ள மற்றவையும் பயத்தோடு ஒட்டிக்கொள்ளும். மணி இப்போது ஊதுபத்தி வாசனைக்கே கட்டிலுக்கடியில் போய்விடுகிறது, ஏனென்றால் அந்த வீட்டில் வெடிக்குத் திரி பற்றவைப்பது ஊதுபத்தியில்தான். ராமநாதபுரத்துக்கு மழையைக் கொண்டுவருவதும் இதே ஐப்பசி, கார்த்திகைதான். இடிக்கும் வெடிக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு மாதம் முழுக்க நடுங்கும் நாய்கள் உண்டு. ஏழு தீபாவளி மணியைப் பழக்கவில்லை, பயத்தை ஆழமாக உழுதிருக்கிறது.

ஆகவே வேலையைத் தீபாவளிக்குப் பல வாரம் முன்பே தொடங்க வேண்டும். வெடிச்சத்தம் பதிவான ஒலியைக் கைபேசியில் மிகச் சன்னமாகப் போடுங்கள், நாய் காதை மட்டும் திருப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும் அளவுக்கு. அப்போதே முள் நீக்கிய மீன் துண்டு ஒன்று. சத்தம் நின்றால் மீனும் நிற்க வேண்டும். சில நாள் கழித்து ஒரு படி கூட்டுங்கள். மிரண்டால் உடனே பழைய அளவுக்கு இறங்குங்கள். சத்தம் வந்தால் நல்லது வரும் என்று மூளைக்குப் புதுக் கணக்கு எழுதுகிற வேலை இது, அவசரப்பட்டால் கெடும். கைபேசியில் அடிவயிற்றைத் தூக்கும் அந்தக் கனத்த ஒலி வராது என்பதால் இது முழு மருந்தாகாது, ஆனாலும் செய்து பார்க்க வேண்டியதுதான். குட்டி என்றால் வேலை சுலபம். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை மெதுவாக அறிமுகமாகும் சத்தங்களைக் குட்டி உலகத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளும்.

பண்டிகை நாளில் செய்ய வேண்டியது வேறு. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் எப்போது உச்சம் என்று தெரிந்துகொள்ள உதவும். மதியமே நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். ஜன்னல் குறைவான உள்ளறையில் விடுங்கள். அதிர்வு அதிகமான கீச்சொலிகளைத் துணி நன்றாக உறிஞ்சும். நாய்க்குக் கூர்மையான பகுதியும் அதுதான். கட்டிலைச் சுற்றி ஜமக்காளத்தையும் பழைய சேலையையும் தொங்கவிட்டால் ஒரு குகை தயார். அதிர்வு குறைந்த கனத்த ஒலி சுவரையே தாண்டி வரும். அதற்கு மின்விசிறியையோ டிவியையோ ஓடவிட்டால், திடீர் சத்தத்துக்கும் அமைதிக்கும் உள்ள இடைவெளி குறையும். ஓலை வீட்டில் இருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் நாயை ஓட்டு வீட்டிலோ மாடி வீட்டிலோ உள்ள சொந்தக்காரரிடம் விடுவது நல்லது. வாசலில் சங்கிலியில் கட்டிப்போட வேண்டாம். மிரண்டு பாயும்போது கழுத்து இறுகிவிடும்.

நடுங்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. தீனிக்காக நாய் ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளலாம். ஆறுதல் கிடைக்கிறதே என்று பயப்படக் கற்றுக்கொள்ளாது. பக்கத்தில் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்துகொண்டால் இழுக்காமல் விடுங்கள். பூனைக்கு இந்த இரண்டாவது விதிதான் எப்போதும். மிகவும் பயப்படும் நாய்க்கு மருந்து உண்டு. பண்டிகைக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். உடம்பை மட்டும் அசையவிடாமல் செய்து பயத்தை அப்படியே உள்ளே விட்டுவைக்கும் மருந்தும் இருக்கிறது, அதனால் பயம் குறைய மருந்து வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். நம் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

தின்பண்டத்தில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் சமையலில் நேராக வருகிறது. பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம் என்பது தெரிந்ததே. ஆனால் திராட்சையில் உள்ள எது விஷம் என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. அண்மையில் அமெரிக்க ஆய்வாளர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டினார்கள். அவர்களுக்குத் துப்புக் கொடுத்தவற்றில் ஒன்று நம் புளி! புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகச் சேதம் வந்திருந்தது; புளியில் அந்த அமிலம் நிறைய இருக்கிறது. மிச்சமான மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றி நாய்க்கு வைக்கும் பழக்கம் நம் கரை முழுக்க உண்டு. குழம்பில் வெங்காயமும் பூண்டும் வேறு இருக்கும், அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். புளி சேர்க்காமல், வெங்காயம் போடாமல், அவித்த மீனைத் தனியாக எடுத்து வைத்தால் போதும். கிறிஸ்துமஸுக்குத் தங்கச்சிமடத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு வரும் பிளம் கேக்கில் திராட்சையும், குழந்தைகள் கையில் சாக்லேட்டும் இருக்கும். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம்; அதில் பாதியை வெளியேற்றவே நாயின் உடம்புக்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வெளியே இருப்பவற்றையும் நினைக்க வேண்டும். ஆடுகளை இருட்டும் முன் பட்டிக்குள் அடைத்துவிடுங்கள். ஒன்று மிரண்டால் மொத்தமும் ஓடும், ஓடினால் வேலிக்கருவை முள்ளுக்குள்தான். நெதர்லாந்தில் புத்தாண்டு நள்ளிரவு வாணவேடிக்கையின்போது ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரேயடியாக எழும்பி 500 மீட்டர் உயரம் வரை போனதை வானிலை ரேடார் காட்டியது. தூங்க வேண்டிய இருட்டில் திக்குத் தெரியாமல் பறக்கும் பறவை, அடுத்த நாள் இரை தேடச் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துவிடும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு வலசைப் பறவைகள் வரத் தொடங்குவதும் இந்த மாதங்களில்தான். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல காலமாகத் தீபாவளிக்கு வெடிப்பதே இல்லை. அந்த ஊர்க் குழந்தைகளை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

இவ்வளவும் செய்தும் நாய் ஓடிவிட்டால், விடியும் முன்பே தேடப் போங்கள், வெடி ஓய்ந்திருக்கும். பயந்த நாய் கவிழ்த்த வள்ளத்தடியிலோ, வலைக் குவியலுக்குப் பின்னாலோ, கருவைப் புதரிலோ பக்கத்திலேயே அடங்கிக் கிடக்க வாய்ப்பு அதிகம். கூப்பிட்டாலும் வராது. கார்டிசால் என்ற இன்னொரு சுரப்புநீர் வெடி ஓய்ந்த பிறகும் உடம்பை விறைப்பாகவே வைத்திருப்பதால் உங்கள் குரலுக்கே அது மிரளலாம். துரத்தாதீர்கள். காற்று வரும் பக்கமாகப் போய்க் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், உங்கள் வாடை அதற்குப் போய்ச் சேரும். அது படுக்கும் சாக்கையும் ஒரு சட்டித் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி இருங்கள். அடிபட்டிருந்தால் கால்நடை அவசர ஊர்திக்கு 1962.