டவுன் சிண்ட்ரோம்: கேக்கை விட, கூட வர ஓர் ஆள்

மார்ச் 21 நெருங்கினால் எங்கள் அறக்கட்டளைக்கு அழைப்புகள் கூடிவிடும். அன்று உலக டவுன் சிண்ட்ரோம் தினம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் செல்களில், மரபுத் தகவலைத் தாங்கும் குரோமோசோம்களில் இருபத்தோராவது இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012 முதல் ஐ.நா.வும் இந்த நாளைக் கடைப்பிடிக்கிறது. "பிள்ளைகளுக்கு ஒருவேளை சாப்பாடு போடலாமா, கேக் வெட்டலாமா" என்று கேட்பவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். இயன்முறை மருத்துவராக இந்தக் குடும்பங்களோடு பல வருடங்களாகப் பழகி வருகிறேன். கேக்கை விட அவசரமான தேவைகள் அவர்களுக்கு இருக்கின்றன. கொடுக்க நினைப்பவர்கள் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தேவை பிரசவ வார்டிலேயே தொடங்குகிறது. பிறந்த குழந்தையின் முக அமைப்பையும் தசைகளின் தளர்ச்சியையும் பார்த்து, டாக்டர் குரோமோசோம் டெஸ்ட் எழுதுவார். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். கிரகணத்தன்று வெளியே போனாளா, பப்பாளி தின்றாளா, யார் வீட்டு வழியில் வந்தது? இந்தக் கேள்விகள் எல்லாம் தாயின் தலையில்தான் விழும். உண்மையில், 100-ல் சுமார் 95 குழந்தைகளுக்குக் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாததே காரணம். யாரும் எதையும் செய்ததால் வருவதில்லை. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பது சரிதான். ஆனாலும் இருபது வயதுத் தாய்க்கும் இப்படிக் குழந்தை பிறக்கிறது. மிகச் சிலருக்கு மட்டும் பெற்றோர் வழியாக வரக்கூடிய வகை உண்டு. அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போது அது தெரிய வேண்டும் என்பதால், டெஸ்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்த முதல் வாரத்தில் என் போன்றவர்களின் விளக்கத்தை விட, இன்னொரு தாய் பக்கத்தில் வந்து உட்காருவதுதான் பலன் தருகிறது. அதற்காகவே எங்களிடம் வரும் அம்மாக்களில் சிலரைப் பழக்கி வைத்திருக்கிறோம். அவர்கள் தங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவார்கள். "அக்கா, இவன் சப்பவே மாட்டேங்கிறான். புட்டிப்பால் கொடுத்துடச் சொல்றாங்க" என்று புதுத் தாய் அழுவாள். வந்த அக்கா தன் கையை வைத்தே காட்டிக்கொடுப்பார். கீழ் மூன்று விரல்களால் மார்பைத் தாங்கி, குழந்தையின் தாடையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உட்கார வைத்து, அந்த இரண்டு விரல்களையும் இரு கன்னத்திலும் மெல்ல வைக்க வேண்டும். வாய் மூடிப் பிடிக்க அந்தத் தாங்கல் போதும். உறிஞ்சுவது மெதுவாகத்தான் இருக்கும், நடுவில் தூங்கிப்போகும், உள்ளங்காலைத் தேய்த்து எழுப்ப வேண்டும். பொறுமையாகப் பழக்கினால் பெரும்பாலான குழந்தைகள் தாய்ப்பால் குடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது இதயம். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக்குறை இருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்பதால் குறை இல்லை என்று ஆகிவிடாது. எல்லாருக்கும் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தே ஆக வேண்டும். நடுச்சுவரில் பெரிய ஓட்டை இருந்தால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யச் சொல்வார்கள். விட்டுவிட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி நிலைத்துவிடும். அதன்பிறகு அறுவை சிகிச்சை செய்யவே முடியாத கட்டம் வந்துவிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் தேதி தவறுகிறது? அப்பாவுக்குத் தினக்கூலி, பத்து நாள் போனால் அடுப்பு எரியாது. மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்க இடம் இல்லை. ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டி வரச் சொன்னால் யாரைக் கூப்பிடுவது? நன்கொடை தருபவர்கள் கண் வைக்க வேண்டிய இடம் இதுதான். பெரிய தொகைக்கு அரசு வழி வைத்திருக்கிறது. பஸ் கட்டணம், பத்து நாள் சாப்பாடு, ஒரு அறை வாடகை, ரத்தம் கொடுக்க வரும் இளைஞர்கள்: இவை கிடைத்தால் ஒரு குழந்தையின் இதயத்தைக் காப்பாற்றிவிடலாம்.

தைராய்டு டெஸ்ட் பிறந்ததும், ஆறு மாதத்தில், ஒரு வயதில், பிறகு வருடம் ஒருமுறை. காதையும் கண்ணையும் இதேபோல விடாமல் சோதிக்க வேண்டும். காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு சரியாகக் கேட்காமல் இருக்கும் பிள்ளையை, "புத்தி அவ்வளவுதான், அதான் பேச்சு வரலை" என்று ஒதுக்கிவிடுவதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது.

என் வேலையில் தினமும் கேட்கும் கேள்வி, "எப்ப சார் நடப்பான்?" பெரும்பாலானவர்கள் இரண்டு வயதை ஒட்டி நடக்கிறார்கள், சிலர் மூன்று, நான்கு வயதில். வாக்கரில் நிற்க வைத்து அவசரப்படுத்த வேண்டாம். படுத்திருக்கும்போது கால்கள் தவளை போல அகன்று விழும். இரு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து ஒன்றுசேர்த்தால் கால்கள் அகன்றே பழகிவிடாது. கழுத்து நிற்க, அப்பா மல்லாந்து படுத்து நெஞ்சின் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டுக்கொண்டு பேச வேண்டும். இதை அப்பாவுக்கென்றே ஒதுக்குகிறேன். அப்படிச் செய்யும் வீடுகளில் அம்மாவின் முகமே தெளிந்துவிடுகிறது.

பயிற்சிக்காக வாரம் இரண்டு முறை இரண்டு பஸ் மாறி வரச் சொன்னால் யாராலும் தொடர்ந்து வர முடியாது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறது. சிகிச்சை நிபுணர்கள் அவர்களுக்குப் பின்னால் இருந்து வழிகாட்டுகிறார்கள். சிறிய அறக்கட்டளைகள் கட்டடம் கட்டுவதற்கு முன் இந்த வழியை யோசிக்கலாம்.

எல்லாரும் மறக்கும் ஒன்று கழுத்து. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு மேல் கழுத்தெலும்பு இரண்டும் தளர்வாக இருக்கும். முடி வெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுக்கவே கூடாது, குட்டிக்கரணம் அடிக்கவும் விடக் கூடாது. நன்றாக நடந்த பிள்ளை தள்ளாடினாலோ, கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு திடீரென்று போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிறகு காகித வேலை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. என்ற நாடு முழுவதும் செல்லும் அடையாள எண் அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, அறிவுத்திறன் குறைபாடு உள்ளிட்டவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு. நிராமயாவில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவும் அதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி வரிசை. வாரம் ஒருநாள் ஒதுக்கக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி ஊழியரோ இருந்தால், எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு அதுவே பெரிய நன்கொடை. 18 வயது முடிந்த மகனுக்கு அப்பாவும் அம்மாவும் சட்டப்படி தாமாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. வங்கியில் கையெழுத்து கேட்கும்போதுதான் தெரியவரும். நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். பிள்ளைக்குப் பதினேழு வயது நடக்கும்போதே அந்தப் படிவத்தை வாங்கி நிரப்பத் தொடங்கிவிடுங்கள்.