கவுன்சலிங் அறையில் முதல் 20 நிமிடம்

கோத்தகிரிப் பக்கத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றின் காப்பாளர் கேட்கிறார்: "15 வயதுப் பெண். கவுன்சலர் முன்னால் வாயே திறப்பதில்லை. திரும்பி ஜீப்பில் வரும்போது மளமளவென்று பேசுகிறாள். வீம்பா?"

வீம்பில்லை. பாதி ரசாயனம், பாதி நியாயம்.

பயந்தால் அட்ரினலின் நொடிகளில் பாயும், இது பள்ளிப்பாடம். அதன் பின்னால் ஆற அமர வரும் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்தான் சுவாரசியம். மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி ரத்தத்தின் வழியே சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் சுரக்கிறது. இத்தனை கை மாறுவதால், பயம் தொடங்கி சுமார் 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் உச்சம். அதைவிட அழகு, அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பிப்போய் ஹைப்போதலாமஸை அடக்குவது. தண்ணீர் போதிய அளவு சூடானதும் ஊட்டி வீட்டு கீசர் தானே அணைகிறதே, அப்படி.

இப்போது கணக்குப் போடுங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் "கவுன்சலிங்குக்கு வா" என்று கூப்பிட்ட நொடியில் ஓட்டம் தொடங்குகிறது. 45 நிமிட அமர்வின் நடுவில், "அப்பாவைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்கும்போது உச்சம். கடும் பதற்றத்தில் யோசித்து வார்த்தைகளைக் கோக்க உதவும், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி பின்வாங்கிவிடும். ஜீப் ஏறும்போது இறங்குமுகம். கூடவே இருவர் கண்ணும் சாலையில், முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் அளவு மாறும், வரிசை மாறாது.

சிலருக்குக் கார்டிசால் அவ்வளவாக ஏறாது. ருமேனிய அனாதை இல்லக் குழந்தைகளை 2000-களின் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்த புக்காரெஸ்ட் ஆய்வில், இல்லத்திலேயே விடப்பட்டவர்களின் கார்டிசால் 12 வயதுவாக்கில் ஆய்வறையில் வேண்டுமென்றே உண்டாக்கிய பதற்றத்துக்கும் மந்தமாகவே அசைந்தது. சுமார் இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பம் கிடைத்தவர்களுக்கு இயல்பாக ஏறி இறங்கியது. "இவ ரொம்ப அமைதி" என்று மெச்சுவதற்கு முன் இதை நினைக்கவும். காத்து கருப்பு என்று கயிறு கட்டுவது வீண்.

இனி நியாயம். இல்லத்துப் பதின்வயதினர் பல நாடுகளிலும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே: சொன்னது வார்டன் காதுக்குப் போகிறது, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார், வருவதா வேண்டாமா என்று எங்களைக் கேட்பதில்லை. கட்டடத்துக்குக் கிடைக்கும் பணம் கவுன்சலரை ஐந்தாண்டு ஒரே இடத்தில் வைத்திருக்கக் கிடைப்பதில்லை. என் வயிற்றெரிச்சல் அது.

செய்யக்கூடியவை: நாளையும் நேரத்தையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வகுப்பு நடுவே கூப்பிட வேண்டாம். முதல் 20 நிமிடம் கேள்வியே இல்லாமல் கேரம், படம் வரைதல், அல்லது தேயிலைத் தோட்டப் பாதையில் பக்கத்தில் நடத்தல். எது ரகசியம், எது இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடவும்: பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டம், 2012 பிரிவு 19-இன்படி புகார் செய்தே ஆக வேண்டும்; உயிருக்கு ஆபத்தென்றாலும் மறைக்க முடியாது. இதை நடுவழியில் சொன்னால் துரோகமாகத்தான் படும்.

ஐப்பசி மழையில் மண் சரிந்து கோத்தகிரி சாலை அடைபட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து கவுன்சலர் வர முடியாமல் போகும். அப்போது தகவலை வார்டன் மூலம் அனுப்பாமல், அதே நேரத்துக்கு அவரே பிள்ளையிடம் போனில் பேசி அடுத்த தேதியைச் சொல்லட்டும்.