பாறைச் செடிக்குத் தண்ணீர்தான் எமன்

"ஒருநாள்கூட தண்ணி ஊத்தாம இருந்ததில்லைங்க, இப்படி ஆயிடுச்சு." செம்பர்வைவம் என்ற பாறைச் செடியின் தொட்டி என் நர்சரி மேசைக்கு வரும்போது பெரும்பாலும் இந்த வாக்கியமும் கூடவே வரும். காரணம் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் அடி இலை ஒன்றை இழுத்துப் பார்ப்பேன். ஒன்றை இழுத்தால் நாலு வழுக்கிக்கொண்டு வரும். நடுத்தண்டு பழுத்துக் கூழாகியிருக்கும். தொட்டியைக் கவிழ்த்தால், வாங்கியபோது வேரைச் சுற்றியிருந்த நார்த்தூள் உருண்டை கலையாமல், பிழிந்தால் சொட்டும் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும்.

ஆல்ப்ஸ், பைரனீஸ், காக்கசஸ் மலைகளின் பாறை இடுக்குதான் இதற்குப் பிறந்த வீடு. இலைகள் தாமரைபோல அடுக்கி, தரையோடு ஒட்டி, வருடம் முழுக்க உதிராமல் நிற்கும். 800ஆம் ஆண்டு வாக்கில், ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன் காலத்து அரண்மனைப் பண்ணை விதிகளில், தோட்டக்காரர் தன் வீட்டுக் கூரைமேல் இதை வளர்க்க வேண்டும் என்றே ஒரு வரி உண்டு. இடி விழாமல் காக்கும் என்று அப்போது நம்பினார்கள். இடி கிடக்கட்டும், கூரைமேல் எவ்வளவு மண் இருந்திருக்கும்? ஒரு கைப்பிடி தூசிதான். தேவையான தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி இது.

அதனால் மண் பாதி, 3 முதல் 6 மில்லிமீட்டர் சரளை பாதி என்று கலந்தாலே போதும். வேரைச் சுற்றிய பழைய நார்த்தூளை உதறிவிட்டு நடுங்கள். கழுத்தைச் சுற்றி 2 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சரளை பரப்பினால் அடி இலை ஈரத்தில் படாது. ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். உரம் வேண்டவே வேண்டாம். போட்டால் இலை கொழுத்து, நிறம் வெளிறி, சீக்கிரம் அழுகும்.

இன்னொரு சாவு இருக்கிறது, அதில் யார் மேலும் தப்பில்லை. சில வருடம் வளர்ந்தபின் நடு இலைகள் நீண்டு மேலே எழும்பும், உச்சியில் பூக்கும். குலை தள்ளிய வாழை மாதிரிதான். பூத்த இலைக்கொத்து அதோடு முடிந்தது. பூத்தண்டை வெட்டினாலும் பிழைக்காது. பூவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள், அது காயத் தொடங்கியதும் பதறித் தண்ணீரை ஊற்றுவார்கள். தாய் எப்படியும் போகிறது, சுற்றியிருக்கும் கன்றுகளும் சேர்ந்து அழுகுவதுதான் மிச்சம்.

அந்தப் பக்கக்கன்றுகள்தான் வாழையடி வாழையாக வருபவை. தாயின் இலையிடுக்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி, அதன் நுனியில் குட்டிக் கொத்து உருண்டு நிற்கும். தண்டு பச்சையாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். பழுப்பாகிச் சுருங்கியபின் தொட்டாலே கையோடு வரும், அடியில் ஒன்றிரண்டு வேர்கூட விட்டிருக்கும். வசந்த காலமும் கோடையின் தொடக்கமும் இதற்கு நல்ல சமயம். பச்சைத் தண்டையே வெட்ட வேண்டி வந்தால், வெட்டுவாய் காய நிழலில் இரண்டு நாள் வைத்துவிட்டு, லேசான ஈரமுள்ள சரளை மண்மேல் உட்காரவைத்து, உருளாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கல்லை முட்டுக்கொடுங்கள். புதைக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல இழுத்தால் பிடித்து நிற்கும்.

இலையைக் கிள்ளி மண்ணில் போட்டு முளைக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். பார்க்க இதே மாதிரி இருக்கும் எக்கவீரியாவில் அது நடக்கும், இதில் பெரும்பாலும் நடக்காது. விதை போடலாம், ஆனால் கலப்பினமாக இருந்தால் தாயின் நிறமும் வடிவமும் அப்படியே வராது.

போன மாதம் ஒருவர் கொண்டுவந்த தொட்டியில் தாய் முழுக்க அழுகியிருந்தது. ஓரத்தில் இரண்டு கன்று மட்டும் கெட்டியாக இருந்தன. காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். "தண்ணி எப்போ ஊத்தணும்?" என்றார். வேர் பிடிக்கட்டும், அப்புறம் மண் முழுக்கக் காய்ந்தபின் ஒருமுறை என்றேன். முகத்தில் நம்பிக்கை வரவில்லை.