அந்தப் பழைய உடையைத் துவைக்கும் முன் ஒரு நிமிஷம்

போன மாதம் ஒருவர் ஒரு கவுனைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி 1920களில் உடுத்தியது, மார்புப் பகுதி முழுக்கச் சமிக்கி வேலை. "உங்களிடம் காட்டப் போகிறோமே, அழுக்காக இருக்க வேண்டாம் என்று நேற்று வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி எடுத்தேன்" என்றார். சமிக்கி இருந்த இடத்தில் பசை மாதிரி ஏதோ வழிந்து காய்ந்து கிடந்தது. அந்தக் காலத்துச் சமிக்கிகள் பல ஜெலட்டினால் செய்தவை. தண்ணீர் பட்டால் இளகும், சூடான தண்ணீர் என்றால் கரைந்தே போய்விடும். ஒவ்வொரு சமிக்கியையும் பிடித்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன நூல் முடிச்சுகள் மட்டும் அப்படியே இருந்தன, பிடிக்க எதுவும் இல்லாமல்.

அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. மரியாதையாகக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துச் செய்தது அது. ஆனால் உடைகளின் வரலாற்றை ஆராயும் எங்களில் யாரைக் கேட்டாலும், உடை மட்டும் மாறும், இதே கதையைத்தான் சொல்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வேலையைப் பற்றிப் பலருக்கும் ஒரு படம் மனதில் இருக்கிறது: அரசிகளின் பட்டு, எண்ணெய் ஓவியங்கள், கண்ணாடிப் பெட்டிகள். அதெல்லாம் உண்டுதான். ஆனால் என் நாளில் பெரும்பகுதி உடையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதில் போகிறது. பெரிய மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, பூதக்கண்ணாடி, இஞ்ச் டேப், பென்சில் (பேனா அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது, ஒரு சொட்டு மை விழுந்தால் போச்சு), பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு விளக்கு. நாலு மணி நேரம் குனிந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அரைப் பக்கம் குறிப்புகூடத் தேறாது. சில நாள் அப்படித்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஊதா நிறப் பட்டு மேற்சட்டை ஒன்று, பெண் உடுத்தியது. நீளமான தையல்கள் எல்லாம் மெஷினில் போட்டவை, ஓரங்கள் மட்டும் கைத்தையல். எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1846, ஐசக் சிங்கர் வாங்கியது 1851. ஆக, அதற்கு முன்னால் போக வழியில்லை. நிறத்தைப் பார்த்தால், 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப்போய்த் தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தாரே, அதற்குப் பின்னால் வந்த சாயங்களின் சாயல் இருந்தது. ஆனால் கண்ணால் பார்த்துச் சாயத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அதை ஆய்வகத்தில்தான் உறுதிசெய்ய வேண்டும். ஜிப் இல்லை, கொக்கியும் வளையமும்தான். கிடியன் சண்ட்பேக்கின் ஜிப்புக்குக் காப்புரிமை கிடைத்தது 1917, பெண்களின் உடைகளில் அது பரவலாக வந்தது 1930களில்தான். சரி, காலம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. இதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு செய்யலாம்.

அப்புறம்தான் பக்கத் தையலைப் பார்த்தேன். விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபோது இப்போதைய தையலுக்குப் பக்கத்தில் வெறும் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன, அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு வரிசை. ஒருமுறை தைத்து, பிரித்து அகலமாக்கி, அப்புறம் மறுபடி உள்ளே பிடித்திருக்கிறார்கள். துளைகளுக்கு நடுவில் பட்டு எந்த அளவுக்கு வெளுத்திருக்கிறது என்பதை வைத்து, அகலமாக்கிய நிலையில் கொஞ்ச காலம் உடுத்தியிருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு உடம்பு பருத்து மறுபடி இளைத்திருக்கிறது. பிள்ளைப்பேறாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், அக்காவின் சட்டையைத் தங்கை போட்டிருக்கலாம். எதுவென்று அந்தச் சட்டை சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. இடது முழங்கையில் மட்டும் வேறொரு நூலால், வேறொரு கையால், ரொம்பப் பொறுமையாக இழை ஓட்டியிருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள், அந்தச் சட்டையை ஒரே ஒரு தடவை நனைத்து நீராவி இஸ்திரி போட்டிருந்தால் நூலிழைகள் நகர்ந்து அந்தத் துளைகள் மூடிக்கொண்டிருக்கும். சட்டை அழகாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணின் உடம்பு மாறிய கதை போயிருக்கும்.

கறை, கசங்கல், ஒட்டு, பிரித்த தையல், இதையெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் குறை என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு ஆவணமே அதுதான். இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி எகிப்தில் தார்க்கான் என்ற இடத்தில் கிடைத்த ஒரு லினன் உடை. 1913-இல் தொல்லியலாளர் ஃபிலிண்டர்ஸ் பெட்ரி அங்கே ஒரு பழைய கல்லறையைத் தோண்டியபோது அழுக்குத் துணி மூட்டையாக எடுத்தது. மூட்டை லண்டனுக்குப் போனது, யாரும் பிரிக்கவில்லை. 1977-இல் சுத்தம் செய்வதற்காக விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் துணிப் பாதுகாப்பாளர்களிடம் வந்தபோதுதான், 64 வருஷம் கழித்து, அந்தக் கந்தல்களுக்குள் கையும் தோளும் மெல்லிய மடிப்புகளோடு தைத்த ஒரு மேலுடை இருப்பதைக் கண்டார்கள். 2016-இல் வெளியான கதிரியக்கக் கார்பன் ஆய்வு அதைக் கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்றது. நெய்த துணியில் தைத்த உடைகளில் இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழையது அதுதான். எனக்கு அதன் வயதைவிட நெஞ்சில் நிற்பது வேறு ஒன்று. முழங்கை மடியும் இடத்திலும் அக்குளிலும் கசங்கல் அப்படியே இருக்கிறது, யாரோ உடுத்திய உடை. உடை உள்பக்கம் வெளியே வந்த நிலையில் கிடைத்தது, தலைவழியாக இழுத்துக் கழற்றினால் வருமே, அந்த மாதிரி. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கையை மடக்கிய மடிப்பு. 1913-இல் யாராவது அந்த மூட்டையை நன்றாகத் துவைத்துக் காயப்போட்டிருந்தால்?

இன்னொரு விஷயம், அடிக்கடி கேட்கிற கேள்வி: "அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் இவ்வளவு குட்டியாகவா இருந்தார்கள்?" அருங்காட்சியகத்தில் இருக்கும் உடைகளின் இடுப்பளவைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். இல்லை, சின்ன அளவு உடைகள்தான் அதிகம் மிஞ்சின. பெரிய உடையில் துணி நிறைய. அதைப் பிரித்தால் இன்னொருவருக்குச் சட்டை தைக்கலாம், பிள்ளைக்குத் தைக்கலாம், மிஞ்சியதில் மெத்தை உறை போடலாம். ஒல்லியானவருடைய உடையை வெட்டினால் எதற்கும் தேறாது, அதனால் அது பெட்டியிலேயே தங்கிவிட்டது. அதே மாதிரி, கல்யாணத்துக்கும் விருந்துக்கும் போட்டது தங்கும், வேலைக்குப் போட்டது கந்தலாகும் வரை உழைக்கும். அந்தக் கந்தலையும் விடவில்லை, மரக்கூழ் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் காகிதம் செய்ததே கந்தல் துணியில்தான். உழைத்தவர்களின் உடைகள் காகிதமாகிப் போய்விட்டன. எங்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் வசதியானவர்கள் எப்போதோ ஒருநாள் போட்டது.

அதனால்தான் லண்டன் குழந்தைகள் காப்பகத்தின் பதிவேடுகளை நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகும். 1741-இல் அங்கே குழந்தைகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் பெயர் சொல்லாமல் விட்டுப் போவார்கள், பின்னால் திரும்பி வந்தால் அடையாளம் காண்பதற்காகக் காப்பகத்தார் ஒரு துண்டுத் துணியைப் பதிவுத் தாளில் குத்தி வைப்பார்கள், குழந்தையின் சட்டையிலிருந்தோ தாயின் கவுனிலிருந்தோ வெட்டியது. அப்படி ஏறக்குறைய 5,000 துண்டுகள் சேர்ந்திருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் சாதாரணப் பெண்கள் என்ன துணி உடுத்தினார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய தொகுப்பு கிடையாது. தாளுக்குள் மடிந்து வெளிச்சம் படாமல் இருந்ததால் பல துண்டுகளில் நிறம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. பூப்போட்ட பருத்தி, கோடு போட்ட லினன், ஒரு ரிப்பன் முடிச்சு. பெரும்பாலான தாய்மார்கள் திரும்பி வர முடியவில்லை.

இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளிடம் நான் முதலில் தையல் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். ஜேனட் ஆர்னால்ட் என்று ஒரு ஆய்வாளர் இருந்தார், 1998-இல் காலமானார். அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய்ப் பழைய உடைகளை அளந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் வெட்டுப்படமாக வரைந்து வைத்தார். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு இன்றைக்கும் நாடகக்காரர்கள் தைக்கிறார்கள், நாங்கள் படிக்கிறோம். தைக்கத் தெரிந்த ஒருவரால்தான் தையலுக்கு இந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்து அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியும்.

சரி, வீட்டுக்கு வருவோம். பரணிலிருந்தோ பெட்டியிலிருந்தோ பழைய உடை கிடைத்தால் முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். துவைக்க வேண்டாம், இஸ்திரி வேண்டாம், போட்டுப் பார்க்கவும் வேண்டாம். குறிப்பாகப் பழைய பட்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இழையின் இயற்கைப் பசையை நீக்கியதும் பட்டின் எடை குறைகிறது என்று அதை வெள்ளீய உப்பில் ஊறவைத்துக் கனமாக்கி விற்றார்கள். அந்த உப்பு உள்ளிருந்தே இழையை அறுக்கும், பெட்டியில் சும்மா இருந்தாலும் நீளநீளமாகக் கிழியும். தூக்கினாலே உதிரும், கையை நுழைத்தால் என்ன ஆகும்!

பளிச்சென்ற பச்சையாக 19-ஆம் நூற்றாண்டுப் பொருள் ஏதாவது கிடைத்தால், முக்கியமாகத் துணிப்பூவோ தலை அலங்காரமோ என்றால், வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளுக்கு வேஷம் போடக் கொடுக்கவே கூடாது. அந்தப் பச்சைகள் பலவற்றில் ஆர்செனிக் உண்டு. 1861-இல் லண்டனில் மட்டில்டா ஷியூரர் என்ற 19 வயதுப் பெண், செயற்கை இலைகளுக்கு அந்தப் பச்சைப் பொடியைத் தூவும் வேலையில் இருந்து, அதன் விஷத்தால் இறந்துபோனார். ரப்பர் கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு எடுத்து, அப்புறம் இந்தத் துறை தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

வைப்பதற்குப் பெரிய செலவெல்லாம் தேவையில்லை. ஹேங்கரில் தொங்கவிட்டால் முழு எடையும் தோள் தையலில் இறங்கும், அதனால் படுக்கவைத்தபடி வையுங்கள். மடிக்க வேண்டியிருந்தால் மடிப்புக்குள் அமிலமில்லாத மெல்லிய தாளைச் சுருட்டி வையுங்கள், செய்தித்தாள் வேண்டாம், அதன் அமிலம் துணியில் ஏறும். டிரை கிளீனிங் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள். குண்டூசி இருந்தால் துருப்பிடிக்கும் முன் எடுத்துவிடுங்கள். அந்துருண்டை பழைய பிளாஸ்டிக் பட்டன்களைக்கூடக் கெடுக்கும். கம்பளியில் பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி இறுக்கி மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லையென்றால் ஈரம் துணிமேல் படியும். இது வெறும் கம்பளிக்குச் சொன்னது. சமிக்கி, மணி, தோல் இருந்தால் ஃப்ரீசரில் போடும் முன் கேளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு துண்டுக் காகிதம். யாருடையது, எப்போது போட்டது, யார் தைத்தது, அந்தக் கறை எப்படி வந்தது. தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பென்சிலால் எழுதி உடையோடு வையுங்கள். எந்த ஆய்வகத்தாலும் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒருமுறை பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று எனக்கு வந்தது. வெட்டிலோ துணியிலோ விசேஷம் ஒன்றும் இல்லை, சாதாரணமாக நான் ஒரு மணி நேரத்துக்குமேல் செலவழிக்க மாட்டேன். பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு. அதில் இவ்வளவுதான் இருந்தது: "வலது கையில் இருக்கும் நீலப் பெயிண்ட், நான் பிறக்கும் முன் அப்பா எனக்குத் தொட்டில் செய்து அடித்தபோது பட்டது. எடுக்க வேண்டாம்."

கறையை அளந்தேன், மூன்று சென்டிமீட்டர். கையின் அடிப்பக்கத்தில், ஈரப் பெயிண்ட் மேல் கை உரசினால் எங்கே படுமோ, சரியாக அங்கே.